பதினான்காவது வரி

எம்பாலேயில் மணிக்கூண்டுக்குப் பின்சந்தில்
ஜெராக்ஸ் எடுக்கிறவள் நான்.
பக்கத்துக்கு இருநூறு ஷில்லிங்.
பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம்,
இறந்தவர் படம் போட்ட அறிவிப்பு,
எல்லாம் என் கண்ணாடிமேல் முகம் கவிழ்ந்து படுத்து
கொஞ்சம் வெளிச்சம் வாங்கிக்கொண்டு போகும்.
எதையும் நான் படிப்பதில்லை.
கோணல் தெரியும், மை மங்கினால் தெரியும்,
ஒரு வரி விட்டுப்போனால்
சோற்றில் உப்பில்லாததுபோல் தெரிந்துவிடும்.

அன்று படுத்தது என் தாள்.
தோஹாவில் ஓட்டல். வரவேற்பு மேசை.
மாதம் ஆயிரத்து எண்ணூறு ரியால்.
முகவர் வெசோங்கா
பேனாவையும் சேர்த்தே கொடுத்திருந்தார்.
அப்பாவின் காப்பி மூன்று மூட்டை
ஏற்கெனவே அவர் பைக்குள் போயிருந்தது.
வெள்ளிக்குள் கையெழுத்து, கைன்சா,
இல்லையென்றால் உன் இடம் சொரோட்டிப் பெண்ணுக்கு.

இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபு,
நடுவே நீளமாய் ஒரு கோடு,
பாகம் பிரித்த அண்ணன் தம்பி வீட்டுச் சுவர் மாதிரி.
இடத்தில் பதினான்கு வரி.
வலத்தில் பதிமூன்று.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை எடுத்தேன்.
பதிமூன்றுதான்.

இஸ்லாமியப் பல்கலைக்கழகத்து ஹதீஜா நகுடி,
ஆய்வேடு அச்சடித்த வகையில்
எனக்குப் பதினோராயிரம் பாக்கி வைத்திருப்பவள்,
முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
வலமிருந்து இடமாக நடந்தது அவள் விரல்,
நான் இருந்த பக்கமாக.

ஓட்டல் பெயர் என்ன போட்டிருக்கிறது?
ஓட்டல் இல்லை. வீடு.
மேசை?
சமையல், துணி, மூன்று குழந்தைகள்.
ஆயிரத்து எண்ணூறு?
ஆயிரம்.

விட்டுப்போன பதினான்காவதை
ஆங்கிலத்தில் நானே வாசித்தேன்:
கடவுச்சீட்டு பணியாளர் கையிலேயே இருக்கும்.
ஹதீஜா தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
தகராறு என்று வந்தால் எந்தப் பக்கம் செல்லும்?
வலப்பக்கம், என்றாள்.
அதையும் எழுதியிருக்கிறார்கள், இதோ, ஒன்பதாவதில்.

பாக்கியில் ஐயாயிரம் கழித்தேன்.
வேண்டாம் என்றாள். கழித்தேன்.

வெசோங்காவை அழைத்தேன்.
மொழிபெயர்ப்பு என்றால்
முன்னே பின்னேதான் இருக்கும், என்றார்.
இவ்வளவு சந்தேகப்படுகிறவளுக்கு
உலகத்தில் எங்குமே வேலை இல்லை, என்றார்.
காப்பி மூட்டையைப் பற்றிக் கேட்டதும்
அவருக்குச் சிக்னல் கிடைக்கவில்லை.
அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
அவர் தினமும் கேட்கிறார்,
தோஹாவில் மழை பெய்யுமா என்று.

வியாழன் மத்தியானம் ஒரு பெண் வந்தாள்.
பேருந்துப் புழுதி இன்னும் புருவத்தில்.
அபோலோட் என்று பெயர், சொரோட்டி.
அதே தாள், அதே ஓட்டல்.
என் பெயர் இருந்த இடங்களில் அவள் பெயர்.
ஏழாவது வரியில் மட்டும்
கைன்சா என்றே விட்டிருந்தார்கள்.

இது நான்தான், என்று விரல் வைத்துக் காட்டினேன்.
ஹதீஜா வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.
இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார், என்றேன்.
உதடசையாமல் எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.
பதிமூன்றாவது இருக்கிறதே அக்கா,
எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பதில் என் கடையில் இல்லை.
வாசலில் ஒரு பையன் வறுத்த சோளம் விற்றுக்கொண்டிருந்தான்.

இரண்டு படி கேட்டாள்.
நான் மூன்று எடுத்தேன்.
கடவுச்சீட்டையும் வாங்கி
ஒவ்வொரு பக்கமாகக் கவிழ்த்தேன்,
ஒன்றும் எழுதாத பக்கங்களையும்.
மூன்றாவது படியின் வெள்ளை முதுகில்
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
அம்மாவின் எண், பக்கத்து வீட்டு எண்,
அந்த வீடு இருக்கும் தெரு,
ஞாயிறு இரவுகளில் கூப்பிடுவேன் என்ற அவள் வாக்கு.
மூன்று ஞாயிறு கூப்பிடாவிட்டால்
யாரிடம் போய் நிற்பது என்று கேட்டேன்.
அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கும் தெரியாது.
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

மேசை இழுப்பறையில் தாளை வைத்துப் பூட்டியபோது
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு கேட்டவள்
அறுநூறு ஷில்லிங் எண்ணி வைத்தாள்.